கொடையிலிருந்து கடமைக்கு: நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு கடந்துவந்த பாதை

வட தமிழகத்தின் பாலாற்றுப் படுகையில் பயணம் செய்வோர் இருவகைச் சான்றுகளைக் காண்பர். வாணியம்பாடியில் 1919-இல் தோன்றிய இஸ்லாமியாக் கல்லூரியும், மேல்விசாரத்தில் 1965-இல் எழுந்த சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியும், ஆம்பூரில் 1969-இல் தொடங்கப்பெற்ற மஜ்ஹருல் உலூம் கல்லூரியும் முதல்வகைச் சான்றுகள். சற்றுத் தொலைவில் திருச்சியில் 1951-இல் உருவான ஜமால் முகம்மது கல்லூரியையும் இவற்றோடு சேர்த்து எண்ணலாம். இவற்றின் தோற்றத்திலும் வளர்ச்சியிலும் தோல் வணிகர்களின் செல்வத்திற்குப் பெரும்பங்கு உண்டு. தம் ஊர்ப் பிள்ளைகள் கல்வியில் பின்தங்கிவிடலாகாது என்னும் கவலையால் அவர்கள் அள்ளிக் கொடுத்தனர். அக்கொடையின் பயனை இன்றளவும் பல்லாயிரம் குடும்பங்கள் துய்த்து வருகின்றன.

இரண்டாவது வகைச் சான்று அதே மண்ணிலேயே இருக்கிறது. உவர்ப்பேறிய கிணறுகள், பயிர் செய்ய இயலாமற்போன வயல்கள், நிறம் மாறிய ஓடைகள். தோல் தொழிற்சாலைகள் மிகுந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்துவிட்டது என்னும் ஆய்வு விவரத்தை 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்டியுள்ளது.

ஒரே தொழில், ஒரே ஆற்றங்கரை. ஒருபுறம் கல்விச்சாலை, மறுபுறம் கெட்டுப்போன கிணறு. முன்னதைக் கொண்டு பின்னதை ஈடுசெய்துவிட முடியுமா? கல்லூரி பெற்றவனும் கிணறு இழந்தவனும் ஒருவனே அல்லன் என்னும்போது, கணக்கு எங்ஙனம் நேராகும்? 'நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு' என்று இன்று உலகெங்கும் பேசப்படும் கருத்தின் வரலாறு முழுவதும் இவ்வினாவைச் சுற்றியே அமைந்துள்ளது எனலாம். அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு வேறு பொருள்கள்

'சமூகப் பொறுப்பு' என்னும் ஒரே சொல்லுக்குள் வெவ்வேறான நான்கு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றை முதலிற் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, விரும்பிக் கொடுப்பது. கொடுத்தால் புகழ், கொடாவிடில் குற்றமில்லை. இரண்டாவது, கொடுத்தே ஆகவேண்டியது. வரம்பும் விகிதமும் வகுக்கப்பட்டு, தவறினால் தண்டனைக்குரியதாவது. மூன்றாவது, பொருளீட்டும் வழியில் பிறர்க்குத் தீங்கு செய்யாதிருப்பது. நான்காவது, தீங்கு நேர்ந்துவிட்டால் அதற்கு ஈடுசெய்வது.

அரபுக் கல்லூரியில் ஃபிக்ஹு பயின்றோர்க்கு இப்பகுப்பு புதிதன்று. ஸதகாவும் ஸகாத்தும் ஒன்றல்ல. முன்னது கொடுப்பவனின் நற்குணம். பின்னது பெறுபவனின் 'ஹக்கு', அதாவது உரிமை. இவ்விரண்டினின்றும் வேறானது 'ளமான்' எனப்படும் இழப்பீட்டுப் பொறுப்பு. அண்டை வீட்டான் சுவரை இடித்தவன் எத்துணை ஸதகா கொடுத்தாலும், எத்துணைத் துல்லியமாக ஸகாத்தைக் கணக்கிட்டாலும், இடித்த சுவரைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பு அவனைவிட்டு நீங்காது. இம்மூன்றும் தனித்தனிப் பாடங்கள். ஒன்றின் கணக்கை மற்றொன்றில் வரவுவைக்க இயலாது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு பற்றிய விவாதங்களில் நேரும் குழப்பங்களுட் பல, இவ்வேறுபாட்டைக் கவனியாமையால் விளைந்தவையே.

கொடையின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் எஃகுத் தொழிலால் பெருஞ்செல்வம் திரட்டியவர் ஆண்ட்ரூ கார்னெகி. செல்வத்தைச் சேர்த்துவைத்து மாள்வது இழிவு, வாழுங்காலத்திலேயே அதனைப் பொதுநலத்திற்குச் செலவிட வேண்டும் என்று 1889-இல் கட்டுரை எழுதினார். எழுதியதோடு நில்லாமல், உலகின் பல பகுதிகளில் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்கள் எழ நிதி அளித்தார். ஆயினும் அக்கட்டுரை வெளிவந்த மூன்றாம் ஆண்டில், 1892 ஜூலையில், பென்சில்வேனியா மாநிலத்தின் ஹோம்ஸ்டெட் எஃகாலையில் கூலிக்குறைப்பை எதிர்த்த தொழிலாளரை அடக்க, நிர்வாகம் ஆயுதந்தாங்கிய தனியார் காவலரை வரவழைத்தது. மோதலில் இருதரப்பிலும் உயிர்கள் பலியாயின. அவ்வாலை கார்னெகிக்குச் சொந்தமானது. பன்னிரண்டு மணிநேரம் உலையருகே நின்றுழைப்பவன் எப்போது நூலகம் சென்று படிப்பான் என்னும் வினா அன்றே எழுந்தது. தனியொருவரின் கொடை எத்துணைப் பெரிதாயினும், அது தொழிற்சாலைக்குள் நுழைவதில்லை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இந்தியாவில் டாட்டா குடும்பத்தினரின் வரலாறு இதனின்றும் சற்று வேறுபட்டது. ஜம்ஷெட்ஜி டாட்டா 1892-இல் உயர்கல்விக்கான அறக்கட்டளையை நிறுவினார். 1912-இல் டாட்டா எஃகாலையில் எட்டுமணி நேர வேலைநாள் நடைமுறைக்கு வந்தது. சுதந்திர இந்தியாவின் தொழிற்சாலைச் சட்டம் அதனை நாடு முழுமைக்கும் உரிய விதியாக்கியது 1948-இல்தான். இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. நல்ல முதலாளி ஒருவர் விரும்பிச் செய்தது, முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து எல்லா முதலாளிகளும் செய்தே ஆகவேண்டிய சட்டமாயிற்று. அதன்பின் எட்டுமணி நேர வேலையை எவரும் 'கொடை' என்று அழைப்பதில்லை. கொடை கடமையாக மாறும் விதம் இதுவே. முதலில் சிலர் செய்வர். பிறகு மக்கள் எதிர்பார்ப்பர். ஈற்றில் சட்டம் கட்டாயப்படுத்தும். கடமையானபின் அதனைச் செய்ததற்காக எவரும் பாராட்டை எதிர்பார்க்க இயலாது.

செல்வர் தம் செல்வத்தின் உடைமையாளர் அல்லர், அறங்காவலரே என்னும் காந்தியடிகளின் தர்மகர்த்தாக் கொள்கையும் இக்காலத்திற்குரியது. உள்ளத்தைத் தொடும் கொள்கைதான். ஆனால் அறங்காவலர் தவறினால் கேட்பது யார் என்பதற்கு அதில் போதிய விடையில்லை.

நிறுவனம் யாருக்காக?

தனிமனிதர் தம் பொருளைக் கொடுப்பதில் எவர்க்கும் ஆட்சேபமில்லை. நிறுவனத்தின் பொருளை இயக்குநர்கள் கொடுக்கலாமா என்பதே சட்ட உலகில் எழுந்த சிக்கல். அப்பணம் பங்குதாரர்களுடையது. பிறர் பொருளிலிருந்து ஸதகா கொடுக்க எவருக்கு உரிமை உண்டு?

1883-இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் வெஸ்ட் கார்க் இரயில்வே வழக்கில் இதற்கு விடை கூறிற்று. கலைக்கப்படவிருந்த அந்நிறுவனம் தன் அலுவலர்க்கு நன்கொடையாகப் பணம் வழங்க முனைந்ததை நீதிமன்றம் ஏற்கவில்லை. நிறுவனத்தின் நலனுக்கு உதவாத தயாளத்திற்கு இயக்குநர் அவையில் இடமில்லை என்பதே அதன் சாரம். 1919-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம் ஃபோர்டு நிறுவன வழக்கில் இதே திசையிற் சென்றது. இலாபத்தைச் சிறப்புப் பங்காதாயமாகப் பகிர்ந்தளிக்காமல், தொழிலை விரிவாக்கவும் கார்களின் விலையைக் குறைக்கவும் ஹென்றி ஃபோர்டு விரும்பினார். டாட்ஜ் சகோதரர்கள் வழக்குத் தொடுத்தனர். வணிக நிறுவனம் முதன்மையாகப் பங்குதாரரின் ஆதாயத்திற்காகவே நடத்தப்படுகிறது என்று கூறிய நீதிமன்றம், சிறப்புப் பங்காதாயத்தை வழங்குமாறு ஆணையிட்டது.

1953-ஆம் ஆண்டு திருப்புமுனையாக அமைந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தில் தீயணைப்புக் குழாய்க் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற்கு 1,500 டாலர் நன்கொடை அளித்தது. பங்குதாரர் சிலர் ஆட்சேபித்தனர். கல்விமிக்க சமுதாயம் இருந்தால்தான் வணிகமும் செழிக்கும் என்னும் கருத்தை ஏற்று, அந்நன்கொடை செல்லும் என அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் ஹோவர்ட் பவன் என்னும் பொருளியலறிஞர் வணிகரின் சமூகப் பொறுப்புகளைப் பற்றி எழுதிய நூல் வெளியாயிற்று. இத்துறையின் முதல் முறையான நூலாக அறிஞர் பலர் அதனைக் கருதுகின்றனர்.

எதிர்க்குரலும் ஓயவில்லை. 1970 செப்டம்பரில் மில்டன் ஃப்ரீட்மன் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில், சட்டத்தையும் சமுதாயத்தின் அடிப்படை விதிகளையும் மீறாமல் இலாபம் ஈட்டுவதே வணிகத்தின் சமூகப் பொறுப்பு என வாதிட்டார். மேலாளர் தம் விருப்பப்படி சமூகச் செலவு செய்வது, பங்குதாரர்மீது அனுமதியின்றி வரி விதிப்பதற்கு நிகரானது என்றார். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. பிறர் பணத்தில் புகழ் தேடும் மேலாளர் எக்காலத்தும் இருப்பர். ஆயினும் அவ்வாதம் ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது. சட்டம் முழுமையானதாக, நேர்மையாக நடைமுறைப்படுத்தப்படுவதாக இருத்தல் வேண்டும். சட்டம் பலவீனமாக உள்ள நாட்டில் அந்நிபந்தனை நிறைவேறுவதில்லை.

ஆர்ச்சி கேரல் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1979-இல் வகுத்து 1991-இல் கூம்பாக வரைந்து காட்டிய பகுப்பு பெரிதும் எடுத்தாளப்படுவது. அடித்தளத்தில் பொருளியற் பொறுப்பு, அதன்மேல் சட்டப் பொறுப்பு, அதன்மேல் அறப் பொறுப்பு, உச்சியில் கொடை. கொடை அடித்தளத்தில் இல்லை, உச்சியிலேயே உள்ளது என்பதை நாம் மறத்தலாகாது. அடித்தளம் இல்லாமல் உச்சியை மட்டும் கட்ட முடியாது.

தீங்கு கற்பித்த பாடம்

அறிஞர் விவாதங்கள் செய்யாத மாற்றத்தைப் பேரழிவுகள் செய்தன. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1989-இல் 47 கோடி டாலருக்கு வழக்கு சமரசமாயிற்று. கூடுதல் இழப்பீடு கோரி அரசு தாக்கல் செய்த சீராய்வு மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

போபாலுக்குப்பின் ஓராண்டு கழித்து, 1985 டிசம்பரில் டில்லியில் ஓர் உரத் தொழிற்சாலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அவ்வழக்கில் 1986 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 'முழுமையான பொறுப்பு' என்னும் கோட்பாட்டை நிலைநாட்டிற்று. அபாயகரமான தொழில் நடத்தி இலாபம் ஈட்டுவோர், அதனால் விளையும் தீங்குக்கு எவ்வித விலக்குமின்றிப் பொறுப்பேற்க வேண்டும். கவனக்குறைவு இல்லை என்று கூறித் தப்ப இயலாது.

அடுத்தது பாலாறு. இங்கு காரணகாரியத்தை அறிந்துகொள்ளுதல் பயனுடையது. முற்காலத்தில் ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருள்களைக்கொண்டே தோல் பதனிடப்பட்டது. பதப்படுத்தாத, அரைகுறையாகப் பதனிட்ட தோல்களின் ஏற்றுமதியை 1970-களில் மைய அரசு கட்டுப்படுத்தி, முழுமை பெற்ற தோலின் ஏற்றுமதியை ஊக்குவித்தது. அந்நியச் செலாவணி பெருகிற்று. ஆனால் குரோமியம் உப்பைக்கொண்டு பதனிடும் முறையும் அதனோடு பெருகி, உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் மண்ணிலும் ஆற்றிலும் இறங்கிற்று. ஆகவே முதலாளிகளின் பேராசை மட்டுமே காரணம் என்பது முழு உண்மையாகாது. அரசின் கொள்கை, குறைந்த விலையில் தோல் வாங்கிய அயல்நாட்டுச் சந்தை, கண்டும் காணாதிருந்த கண்காணிப்பு அதிகாரிகள் ஆகியோர்க்கும் பங்குண்டு. எனினும் கிணற்றை இழந்த உழவன் அப்பங்கீட்டுக்காகக் காத்திருக்க இயலாது.

வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991-இல் தொடுத்த பொதுநல வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'மாசுபடுத்துவோரே ஈடுசெய்ய வேண்டும்' என்பதும், தீங்கு முற்றிலும் மெய்ப்பிக்கப்படும்வரை காத்திராது முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என அறிவித்தது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்ததோடு, இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கவும் பணித்தது. அவ்வாணையம் 2001-இல், பாதிக்கப்பட்டோராக 29,000-க்கும் மேற்பட்டோரை அடையாளங்கண்டு, ஏறத்தாழ 27 கோடி ரூபாய் வழங்கத் தீர்மானித்தது. சராசரியாகப் பார்ப்பின் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கும் குறைவு. ஒரு கிணற்றின் விலை அது.

தொழிலாளரின் உயிரும் இக்கணக்கில் சேர வேண்டியதே. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். மாசைத் தடுப்பதற்கென்று எழுப்பிய கட்டுமானமே பொறுப்பின்மையால் கொலைக்களமாயிற்று.

உலக அரங்கிலும் இதே காலத்தில் சிந்தனை மாறிவந்தது. ஐக்கிய நாடுகள் அவை 2000-இல் தொடங்கிய உலக ஒப்பந்தம் நிறுவனங்கள் விரும்பிச் சேர்வதாகவே இருந்தது. பேராசிரியர் ஜான் ரக்கி உருவாக்கி 2011 ஜூனில் ஐ.நா. மனித உரிமைக் குழு ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகள் மூன்று தூண்களை நிறுவின: மக்களின் உரிமைகளைக் காப்பது அரசின் கடமை; அவற்றை மதிப்பது நிறுவனத்தின் பொறுப்பு; பறிக்கப்பட்டால் நிவாரணம் கிடைக்க வழி வேண்டும். இதில் கொடை பற்றிய பேச்சே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டு விழுக்காட்டுச் சட்டம்

இந்தியாவில் இக்கருத்து சட்டவடிவம் பெற்ற வரலாற்றில், நம் வாசகர்க்கு நன்கறிமுகமான ஒரு பெயர் எதிர்ப்படுகிறது. முஸ்லிம்களின் சமூக, பொருளாதார, கல்வி நிலையை ஆய்ந்து 2006-இல் அறிக்கை அளித்த நீதிபதி ராஜிந்தர் சச்சார், அதற்கு ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு முன்னரே கம்பெனிச் சட்டங்களை ஆராய்ந்த உயர்நிலைக் குழுவின் தலைவராக இருந்தார். 1978-இல் அக்குழு அளித்த அறிக்கை, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பைத் தனியே ஆராய்ந்தது. நிறுவனங்கள் தம் சமூகப் பணிகளையும் ஆண்டறிக்கையில் வெளிப்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்பரிந்துரை நெடுங்காலம் ஏட்டளவிலேயே நின்றது.

2009-இலும் 2011-இலும் மைய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் விருப்பத்திற்கு விடப்பட்டவை. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவே முதன்முறையாகக் கட்டாயத்தைக் கொணர்ந்தது. அது 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, அல்லது 1,000 கோடி விற்றுமுதல், அல்லது 5 கோடி நிகர இலாபம் ஆகியவற்றுள் ஒன்றை எட்டும் நிறுவனம், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பசி நீக்கல், கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல் முதலிய பணிகளை ஏழாம் அட்டவணை வரிசைப்படுத்துகிறது. தொழில் நடைபெறும் வட்டாரத்திற்கு முன்னுரிமை அளிக்குமாறும் சட்டம் கூறுகிறது. தன் ஊழியர்க்கு மட்டும் பயன்படும் செலவும், அரசியற் கட்சிகளுக்கு அளிக்கும் நன்கொடையும் இக்கணக்கிற் சேரா.

'நிஸாபு' எனும் குறைந்தபட்ச வரம்பை ஒத்த ஒரு தகுதி எல்லை, நிலையான விகிதம், பெறுதற்குரிய வகையினரின் பட்டியல் ஆகிய மூன்றும் இச்சட்டத்தில் இருத்தலைக் காணும் ஃபிக்ஹு மாணவனுக்கு ஸகாத்தின் நினைவு எழுவது இயல்பே. ஆயினும் ஒப்புமை அவ்வளவோடு நிற்கிறது. இது வணக்கமன்று, அரசின் சட்டம். பெறுவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கொடுப்பவரிடமே உள்ளது.

தொடக்கத்தில் இச்சட்டம் அரைக் கட்டாயமாகவே இருந்தது. செலவிடாத நிறுவனம், ஏன் செலவிடவில்லை என்னும் காரணத்தை அறிக்கையில் எழுதினாற் போதும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், மீறும் அலுவலர்க்குச் சிறைத்தண்டனையையும் சேர்த்தது. எதிர்ப்பு எழவே 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் சிறையை நீக்கிப் பண அபராதமாக்கிற்று. 2021 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, செலவிடாத தொகையைக் குறித்த காலத்திற்குள் தனிக் கணக்கிற்கோ அட்டவணையிற் குறித்த அரசு நிதிக்கோ மாற்ற வேண்டும். தவறினால், மாற்றியிருக்க வேண்டிய தொகையின் இருமடங்கு அல்லது ஒரு கோடி ரூபாய், இவற்றுட் குறைவானது அபராதமாகும். ஆகவே எட்டு ஆண்டுகளுக்குள் 'ஏன் செய்யவில்லை எனச் சொல்' என்பது 'செய், இன்றேல் செலுத்து' என்றாயிற்று.

2007-இல் இந்தோனேசியாவும் 2009-இல் மொரீஷியசும் இத்தகைய கட்டாயச் சட்டங்களை இயற்றியிருப்பினும், இத்துணைப் பெரிய பொருளாதாரத்தில் இத்துணை விரிவாக விகிதம் வகுத்தது இந்தியாவே. 2014-15-இல் ஏறத்தாழ 10,000 கோடி ரூபாயாக இருந்த இச்செலவு, 2022-23-இல் ஏறத்தாழ 30,000 கோடியாக உயர்ந்தது. பள்ளிக் கட்டடங்கள், மருத்துவக் கருவிகள், குடிநீர்த் திட்டங்கள் எனப் பல ஊர்கள் இதனாற் பயனடைந்தன என்பதை மறுப்பதற்கில்லை.

எது விடுபட்டது?

எனினும் இக்கடமையின் இயல்பை உற்றுநோக்கினால் ஒரு பெருங்குறை புலப்படும். இது எவ்வாறு செலவிட வேண்டும் என்பதை வகுக்கிறதேயன்றி, எவ்வாறு ஈட்ட வேண்டும் என்பதைப் பற்றிப் பேசவில்லை. 98 விழுக்காடு எவ்வழியில் வந்தது என்னும் வினாவை எழுப்பாமல், 2 விழுக்காட்டின் கணக்கை மட்டும் கேட்கிறது. ஆற்றைக் கெடுக்கும் நிறுவனம் அதே ஆற்றங்கரைப் பள்ளிக்குக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வழங்கி, தன் கடமையை நிறைவேற்றியதாக அறிக்கை எழுத முடியும். நாம் முதலிற் பகுத்த நான்கு பொருள்களுள் இச்சட்டம் இரண்டாவதை மட்டுமே தொடுகிறது. மூன்றாவதும் நான்காவதும் வேறு சட்டங்களுக்கு, வேறு அதிகாரிகளுக்கு விடப்பட்டுள்ளன.

இரண்டாவது குறை, வரம்பைப் பற்றியது. பாலாற்றங்கரையின் தோல் தொழிற்கூடங்களுள் மிகப்பல சிறியனவும் நடுத்தரமானவையும் ஆகும். 5 கோடி இலாபம் என்னும் எல்லையை எட்டாதவற்றை 135-ஆம் பிரிவு தீண்டாது. ஆனால் கழிவுநீருக்கு இலாபக் கணக்கு தெரியாது. கொடுக்கும் கடமை இலாபத்தின் அளவைப் பொறுத்தது. தீங்கு செய்யாதிருக்கும் கடமை எல்லார்க்கும் பொதுவானது.

மூன்றாவது, கொடை சென்றடையும் இடம். பெருநிறுவனங்கள் மிகுந்த மகாராட்டிரம், தமிழ்நாடு, கருநாடகம், குசராத்து போன்ற மாநிலங்களே இந்நிதியில் பெரும்பகுதியைப் பெறுகின்றன. வடகிழக்கு மாநிலங்களுக்குச் செல்வது சிறிதளவே. தேவை எங்குண்டோ அங்கன்றி, ஆலை எங்குண்டோ அங்கே பணம் சேர்கிறது.

இந்தியச் சட்டம் நிறைவேறிய அதே 2013-இல், ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தின் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். விரிசல் கண்ட கட்டடத்துள் அச்சுறுத்தி அனுப்பப்பட்ட அத்தையல் தொழிலாளர், மேலைநாட்டின் புகழ்பெற்ற வணிகப்பெயர்களுக்கு ஆடை தைத்தவர்கள். அவ்வணிகப்பெயர்களுட் பல, அழகிய சமூகப் பொறுப்பு அறிக்கைகளை ஆண்டுதோறும் வெளியிட்டு வந்தவை. இதன்பின் ஐரோப்பாவில் வேறுவகைச் சட்டங்கள் பிறந்தன. 2017-இல் பிரான்சு இயற்றிய விழிப்புக் கடமைச் சட்டமும், 2023 முதல் நடைமுறைக்கு வந்த ஜெர்மனியின் வழங்கற்சங்கிலிச் சட்டமும், பெருநிறுவனங்கள் தமக்குப் பொருள் வழங்குவோரின் பணிமனைகளில் நிகழும் தீங்குகளையும் முன்னரே ஆராய்ந்து தடுக்க வேண்டும் என்கின்றன. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதனைப் பொதுநெறியாக்கிற்று. ஆயினும் 2025-இல் அதன் அமலாக்கம் ஒத்திவைக்கப்பட்டதோடு, வரம்பைச் சுருக்கும் திருத்தங்களும் முன்னெடுக்கப்பட்டன. கொடையிலிருந்து கடமைக்குச் செல்லும் பாதை நேர்க்கோடன்று. அதில் பின்வாங்கலும் உண்டு.

நம் மரபில் இவ்வினா

தொழிலால் அண்டையார்க்கு நேரும் தீங்கைப் பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் விரிவாகவே பேசியுள்ளன. கட்டட வல்லுநராகவும் திகழ்ந்த துனீசியாவின் இப்னுர் ராமீ, கட்டடங்கள் பற்றிய மார்க்கச் சட்டங்களைத் தொகுத்த தம் நூலில், அடுப்புப் புகை, தோல் பதனிடுமிடங்களின் நாற்றம் போன்றவற்றால் அயலார் அடையும் துன்பத்தை ஆராய்கிறார். சந்தையையும் தொழில்களையும் கண்காணித்த முஹ்தஸிபின் பணி, வணிகரிடம் நன்கொடை வாங்குவதன்று; அளவையும் நிறுவையையும் கலப்படத்தையும் பொதுவழியின் நலத்தையும் சோதிப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உதுமானியர் தொகுத்த மஜல்லா சட்டத்தொகுப்பு, தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பதையும், ஆதாயத்தை அடைபவனே அதனோடு வரும் சுமையையும் ஏற்க வேண்டும் என்பதையும் பொதுவிதிகளாக வைத்துள்ளது. மாசுபடுத்துவோரே ஈடுசெய்ய வேண்டும் என 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறியதற்கும் இவ்விதிகளுக்கும் கருத்தளவில் நெருங்கிய உறவு உண்டு.

இதனைப் பெருமைக்காகக் கூறவில்லை. விதி ஏட்டில் இருந்தும் ஆற்றங்கரையில் இல்லாமற்போயிற்றே என்னும் வருத்தத்தால் கூறுகிறோம். ஸகாத்தை ஒரு காசும் குறையாமல் கணக்கிட்ட பெரியோர் பலர் அத்தொழிலில் இருந்தனர். ளமானைக் கணக்கிட அவர்களுக்கு நாம், ஆலிம்கள், கற்பித்தோமா? மிம்பரிலிருந்து கொடையின் சிறப்பைப் பேசிய அளவிற்குக் கிணற்றின் உரிமையைப் பேசினோமா? கல்லூரிக் கட்டடத் திறப்புவிழாவில் வாழ்த்துரை வழங்கிய நாம், அவ்வுழவனின் வீட்டுத் திண்ணையில் ஒருநாள் அமர்ந்து கேட்டதுண்டா? இக்குறை வணிகருடையது மட்டுமன்று.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கொடுத்தவர்களின் எண்ணத்தை ஐயுறுவதற்கில்லை. கல்லூரிகளுட் பல, குரோமியத்தின் ஆதிக்கத்திற்கு முற்பட்டவை. பிற்காலத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைக்கப் பெரும்பொருள் செலவிட்டோரும் உளர். பல்லாயிரம் தொழிலாளர்க்கு, அவர்களுள் எண்ணற்ற பெண்களுக்கு, அத்தொழிலே வாழ்வளிக்கிறது. ஆகவே தொழிலை மூடுக என்பது தீர்வன்று. கணக்கைப் பிரித்து எழுதுக என்பதே நம் வேண்டுகோள்.

முடிவாக

2025 ஜனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் தீர்ப்பளித்தது. இன்னும் இழப்பீடு பெறாதோர்க்கு ஆறு வாரங்களுக்குள் அதனை வழங்கி, அத்தொகையை மாசுபடுத்தியோரிடமிருந்து அரசு திரும்பப் பெற வேண்டும் எனவும், பணிகளைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட வேண்டும் எனவும் ஆணையிட்டது. 1991-இல் தொடங்கிய வழக்கு. முப்பத்து நான்காம் ஆண்டிலும் இழப்பீட்டைப் பற்றியே பேசவேண்டியுள்ளது. கொடுக்கும் கடமை எட்டாண்டுகளில் முழுக் கட்டாயமாயிற்று. ஈடுசெய்யும் கடமையோ ஒரு தலைமுறை கடந்தும் தீரவில்லை.

நம் கல்வி நிலையங்களும் மருத்துவமனைகளும் இன்று சமூகப் பொறுப்பு நிதியை நாடி நிறுவனங்களின் வாயில்களில் நிற்கின்றன. அது தவறன்று, சட்டம் வகுத்த வழியே. ஆனால் கைந்நீட்டுமுன் ஒரு வினாவைக் கேட்கும் துணிவு நமக்கு வேண்டும்: இந்நிறுவனத்தின் ஆலைவாயிலில் நிற்பவனுக்கும், அதன் கழிவு சென்றடையும் ஊரானுக்கும் இது கொடுக்கவேண்டியது கொடுக்கப்பட்டுவிட்டதா? கடனாளியின் ஸதகாவைக் காட்டிலும் அவன் கடனடைப்பதே முந்தியது என்பது நம் பள்ளிகளில் முதலாண்டு மாணவனும் அறிந்த பாடம். நிறுவனங்களுக்கும் அப்பாடம் பொருந்தும்.